முப்பத்தோராம் நாளுக்குப் பின்

மனித வாழ்வில் நேரும் மாற்றங்களுள் ஆற்றுதற்கு அரியது மரணத்தால் வரும் பிரிவு. அதனை ஒருவர் தனித்துச் சுமத்தல் இயலாது என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்துச் சைவ மக்களின் அபரக்கிரியை முறைகளை உற்று நோக்குவார்க்கு இவ்வுண்மை இனிது விளங்கும்.

மரணம் நிகழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர் உணவு சமைத்துக் கொண்டுவந்து, உண்ண மனமில்லாதவரையும் அருகிருந்து உண்பிப்பர். சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் ஓதப்படும். துயருற்றார்க்குச் சொல்லெழாத வேளையில் மணிவாசகரின் சொற்கள் துணை நிற்கின்றன.

பின்னர் எட்டுச் செலவு. 31 ஆம் நாள் அந்தியேட்டி. கீரிமலைக் கடற்கரையில் அதனைச் செய்வோர் பலர். அந்நாளில் வழங்கப்படும் கல்வெட்டு என்னும் நினைவு நூலில் இறந்த ஆண்டையும் மாதத்தையும் திதியையும் கூறும் திதி வெண்பா இருக்கும். வாழ்க்கை வரலாறும் திருமுறைப் பாடல்களும் இருக்கும். அவ்வரலாற்றை எழுதுதற்பொருட்டுப் பிள்ளைகள் தாயிடம் தந்தையின் இளமைக் காலத்தை வினவுவர். வினவுதலும் விடை கூறுதலுமே அவ்வீட்டாருக்குப் பெரிய ஆறுதலாகும்.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. 32 ஆம் நாள் பந்தல் பிரிக்கப்பட்டுவிடும். வந்தோர் தத்தம் ஊர் சென்றுவிடுவர். கடல் கடந்து வாழும் பிள்ளைகளும் விமானம் ஏறிவிடுவர். கணவனை இழந்தாளுக்கு உண்மையான தனிமை அன்றுதான் தொடங்குகின்றது. அதுவரை கணவன் கவனித்த வரவு செலவு முதல் வேலி அடைப்பது வரை எல்லாம் அவள் தலையில் விழுகின்றன. போதாக்குறைக்கு, மங்கல நிகழ்ச்சிகளில் அவளை ஒதுக்கி வைக்கும் வழக்கமும் சேர்ந்துகொள்கின்றது. 31 நாள் அரவணைத்த கைகளே பின்னர் விலக்கி வைப்பது அறமாகாது.

இதற்கு மருந்தும் நம் மரபிலேயே உண்டு. பொதுவாக 31 நாளும் துடக்குக் காத்து, வீட்டார் கோயிலுக்குச் செல்லார். அது கழிந்ததும், வீடு வெறிச்சோடும் அதே வேளையில், கோயில் வாயில் அவர்களுக்குத் திறக்கின்றது. அங்கே கந்தபுராண படனம் நிகழும். ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றவர் பயன் சொல்லுவார். துயருற்றவர் எதுவும் பேச வேண்டியதில்லை, கேட்டிருந்தாற் போதும். தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும், தாயை இழந்தோர் சித்திரா பௌர்ணமியிலும் விரதம் இருப்பர். இழப்பு தமக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதை, அந்நாட்களில் அருகருகே அமர்ந்திருப்போர் கண்கூடாகக் காண்பர்.

ஆனால் துயருற்றவர் தாமாக எழுந்து கோயிலுக்குச் செல்லுதல் எளிதன்று. செத்த வீட்டிற்குச் சோறு கொண்டுசென்ற அயலவருக்கு இங்கே இன்னுமொரு கடமை எஞ்சியுள்ளது. கோயிலுக்குப் போகும் வழியில் அந்த வீட்டுப் படலையடியில் சற்று நின்று, "நாங்கள் புராணம் கேட்கப் போகின்றோம், நீங்களும் வாருங்கள்" என்று அழைத்தல் வேண்டும். இன்று வராவிடினும், நாளையும் நின்று அழைத்தல் வேண்டும்.