காற்றை உண்ணும் காந்தம்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் அலையோரமாகப் படிந்து கிடப்பதை நேயர்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். அந்தக் கருமணலில் மோனஸைட் என்னும் மஞ்சள் நிறத் தாதும் கலந்திருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இத்தாது இங்கிருப்பதை அறிந்தார். அன்று உலகம் அதில் தேடியது, காஸ் விளக்கின் மாண்டிலுக்கு வேண்டிய தோரியம். இன்று தேடுவதோ அதிலுள்ள அபூர்வ மண் உலோகங்கள். அவற்றுள் ஒன்று ஸமாரியம்.

இந்த ஸமாரியத்தையும் இரும்பையும் சேர்த்து உருக்கினால் ஓர் உலோகக் கலவை கிடைக்கும். ஆனால் அதன் காந்த சக்தி சுமார் 116 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்திலேயே அழிந்துவிடும். 1990-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள டிரினிடி கல்லூரியில் கோயி, ஹாங் ஸுன் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு புதுமையை வெளியிட்டார்கள். அக்கலவையைப் பொடியாக்கி, நைட்ரஜன் கலந்த வாயுவில் சுமார் 450 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். ஊறவைத்த அரிசி தன் உருவம் கெடாமல் நீரை உண்டு பருப்பதுபோல, அப்பொடியும் நைட்ரஜனை உண்டு நூற்றுக்கு ஆறு பங்கு பருத்தது. இரும்பணுக்கள் சற்றே விலகி நின்றன. அவற்றின் காந்த ஒற்றுமையோ முன்னிலும் உறுதியாயிற்று. இப்போது காந்த சக்தி 476 டிகிரி வரையில் நிலைக்கிறது! இன்று பெரிதும் வழங்கும் நியோடிமியக் காந்தத்துக்கு அந்த எல்லை 312 டிகிரிதான். அக்காந்தம் சூட்டைத் தாங்குவதற்காகச் சேர்க்கும் டிஸ்ப்ரோஸியம் என்ற அரிய உலோகமும் இதற்கு வேண்டியதில்லை.

ஆனால் குறையில்லாத வஸ்து உலகில் ஏது? 600 டிகிரிக்கு மேற்பட்டால் இந்த நைட்ரைடு சிதைந்து, இரும்பு வேறாகவும் ஸமாரிய நைட்ரைடு வேறாகவும் பிரிந்துவிடும். ஆகவே மற்றக் காந்தங்களைப்போல் இதைச் சூளையில் சுட்டுக் கட்டியாக்க இயலாது. பொடியை நைலான் போன்ற பிசினில் குழைத்து, அச்சில் வார்த்தே உருவாக்குகிறார்கள். பிசின் கலப்பதனால் வலிமை சிறிது குறைகிறது. எனினும் சிறு மோட்டார்களுக்கு வேண்டிய மெல்லிய வளையங்களை எந்த வடிவிலும் வார்க்கலாம் என்பது பெரிய அனுகூலம்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2025 ஏப்ரலில் சீன அரசாங்கம் ஸமாரியம் உள்ளிட்ட ஏழு உலோகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. காந்தத்துக்குப் பிறரை எதிர்பார்த்திருந்த மோட்டார் தொழிற்சாலைகள் பல தேசங்களில் தவித்துப் போயின. மோனஸைட்டைப் பக்குவம் செய்வதற்கென்று 1950-லேயே நிறுவனம் கண்ட நாடு நம்முடையது. நைட்ரஜனோ நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு. மணலும் காற்றும் இயற்கை அளித்த கொடை. அவற்றைக் காந்தமாக்கும் வித்தையை மட்டும் யாரும் கொடையாகத் தரமாட்டார்கள். அதை நம் கல்லூரிச் சோதனைச்சாலைகளிலே நாமேதான் பயின்று தேர வேண்டும்.