பந்தும் பாடமும்

உத்தியோகத்தை முன்னிட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில் பிள்ளைகளின் படிப்பே முதற்செல்வமாகக் கருதப்படுகிறது. ஊரில் விட்டுவந்த நிலம் பலருக்கு இல்லை. இங்கே தாங்கும் உறவும் குறைவு. பட்டம் ஒன்றே பற்றுக்கோடு என்னும் எண்ணம் நியாயமானதே. ஆகவே, மகனோ மகளோ கல்லூரி அணிக்குத் தேர்வான செய்தியுடன் வீடு திரும்பினால், பெற்றோர் முகத்தில் மகிழ்ச்சியோடு கவலையும் தோன்றுகிறது. ஆட்டத்தால் படிப்பு கெடுமோ? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமோ? இக்கேள்விகளைப் புறக்கணித்தல் தகாது. நமக்கு முன் இதே நிலையில் நின்றவர் சிலர் என்ன செய்தனர் என்று பார்ப்போம்.

நாகமலையிலிருந்து வந்த மாணவர்

டாக்டர் தாலிமெரன் ஆவ் 1918இல் நாகமலைப் பகுதியின் சாங்கி என்னும் சிற்றூரில் பிறந்தவர். மகன் மருத்துவராகித் தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். தந்தை 1935இல் காலமானார்; விருப்பம் மகனோடு தங்கிற்று. 1942இல் அவர் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இன்று அது ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி எனப்படுகிறது. மறு ஆண்டே மோகன் பகான் கால்பந்துக் கழகம் அவரை ஏற்றது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அணிவகுப்பில் தேசியக் கொடி ஏந்தியவரும், இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பிரான்சுடன் நடந்த பந்தயத்தில், நம்மவரிற் பலர் வெறுங்காலுடன் ஆடியும், 2-1 என்ற கணக்கிலேயே இந்தியா தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன்.

லண்டனிலிருந்து திரும்பியவர் புகழில் மயங்கிப் பாடத்தைக் கைவிடவில்லை. 1950இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்க் கல்கத்தா மைதானத்தை விட்டு மலைநாடு சென்று பணிபுரிந்து, நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்தார். கல்லூரியில் சேர்ந்த நாள்முதல் பட்டம் பெற எட்டு ஆண்டுகள் ஆயின என்பதையும் கருத வேண்டும். இரண்டு சுமை தாங்குபவனின் நடை சற்றுத் தாமதப்படலாம். போய்ச் சேர்வதே முக்கியம்.

ஆட்டத்தை நிறுத்தி வைத்தவர்

எரப்பள்ளி பிரசன்னா 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடினார். அவ்வாண்டே மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றார். பிறகு மைசூரில் தம் பொறியியல் படிப்பை முடிப்பதற்காக ஒதுங்கி, ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்தே டெஸ்ட் ஆட்டத்துக்குத் திரும்பினார். இடையில் 1965இல், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற வெங்கட்ராகவன், அவரைப் போன்றே வலக்கைச் சுழற்பந்து வீசி, பத்தொன்பது வயதில் இந்திய அணியில் இடம் பெற்றார். டில்லிப் பந்தயத்தில் நியூசிலாந்தின் 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். தாம் நின்ற இடத்தில் பிறர் புகழ் பெறுவதைக் கண்டும் புத்தகத்தை மூடாதிருப்பது எளிதன்று. 1967இல் திரும்பிய பிரசன்னாவோ 49 டெஸ்டுகளில் 189 விக்கெட்டுகள் எடுத்தே ஓய்ந்தார். அவர் காத்திருந்தது வீண் போகவில்லை.

பருவம் அறிந்து பகுத்தல்

ஒருவர் இரண்டையும் உடன்கொண்டு சென்றார். மற்றவர் ஒன்றை நிறுத்தி ஒன்றை முடித்தார். வழி வேறாயினும் கருத்து ஒன்று: எந்தக் காலத்தில் எதற்கு முதலிடம் என்பதை அறிந்தே செயற்பட்டனர். நாள்தோறும் மூன்றையும் சமமாகப் பங்கிடுவது இயலாத காரியம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பந்தயங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் நடைபெறுகின்றன. பருவத் தேர்வுகளும் அதை ஒட்டியே வருகின்றன. எனவே ஆண்டின் தொடக்கத்திலேயே இரண்டு அட்டவணைகளையும் அருகருகே வைத்து, மோதும் வாரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பயணத்துக்கு முன்பே ஆசிரியரைக் கண்டு, வருகைப் பதிவுக்குரிய சலுகையை எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் நலம். உறக்கத்தைக் குறைத்துப் படிப்பைக் கூட்டும் வழக்கம் மட்டும் வேண்டாம். களைத்த உடலில் காயமும் எளிதில் வரும், பாடமும் நில்லாது. முழங்கால் ஒருமுறை பழுதுபட்டால் ஆட்டம் முடிந்துவிடவும் கூடும் என்பதால், பட்டத்தை இரண்டாம் பட்சமாக நினைத்தல் கூடாது.

நட்பும் சுற்றமும்

இம்மூன்றில் முதலில் பலியாவது நட்பும் சுற்றமுமே. அதிகாலையில் பயிற்சி, பகலில் வகுப்பு, மாலையில் மீண்டும் பயிற்சி என்றிருக்கும் பிள்ளை, உறவினர் திருமணத்துக்கோ சங்கத்துப் பொங்கல் விழாவுக்கோ வர இயலாமற் போகலாம். அதைச் செருக்கென்று எண்ணிக் குறைகூறுவது முறையன்று. அயல்மொழி பேசும் நகரில் அவனுக்கு மொழியையும் தோழமையையும் ஒருங்கே கற்பிப்பது மைதானமே. அணித் தோழர்களை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து இட்டிலி பரிமாறுங்கள். பிள்ளையின் உலகமும் பெற்றோரின் உலகமும் அங்கே சந்திக்கும்.

பெண்மக்கள் விஷயத்தில் இன்னும் ஒரு சொல். மாலைப் பயிற்சிக்கும் வெளியூர்ப் பந்தயத்துக்கும் மகனுக்கு அளிக்கும் அனுமதியை மகளுக்கு மறுக்கும் இல்லங்கள் உண்டு. துணைக்கு யார் செல்வது, எவ்வாறு திரும்புவது என்பவற்றை ஏற்பாடு செய்வது பெற்றோர் கடமை. அந்தச் சிரமத்துக்கு அஞ்சி அவள் ஆட்டத்தையே நிறுத்திவிடுதல் நீதியாகாது.

மகனோ மகளோ அணியில் சேரும் நாளன்று, குடும்பத்தினர் அனைவரும் ஒன்றாக அமர்ந்து, தேர்வுக்கு எவ்வளவு, ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பேசி முடிவு செய்க. அந்த முடிவு பிள்ளையின் வாயிலிருந்து வருமாயின், அதை நிறைவேற்றும் உறுதியும் அவர்களிடமே பிறக்கும்.