ஆட்டக் கணக்கும் ஆளின் கணக்கும்

ஆடுகளத்தில் நிகழ்வது ஊரறிய நிகழ்வது. அடித்த ஓட்டம் எத்தனை, வீழ்ந்த இலக்கு எத்தனை, பிடியைத் தவறவிட்டவர் யார் என்பனவற்றை எல்லைக்கோட்டின் அருகே நிற்கும் சிறுவனும் அறிவான். ஆதலின், ஆட்டக் கணக்கில் மறைப்பதற்கு யாதுமில்லை. ஆயின், ஆடியவரின் பிறந்த நாளும் தொலைபேசி இலக்கமும், அவர் எந்நாளில் எவ்விடத்தில் இருப்பார் என்னுஞ் செய்தியும் ஆட்டக் கணக்கைச் சார்ந்தன அல்ல. அவை ஆளின் கணக்கு. முன்னர் வெவ்வேறாய் இருந்த இவ்விரு கணக்குகளும் இன்று கைத்தொலைபேசிச் செயலி ஒன்றினுள் கலந்துவிட்டன. அக்கலப்பினால் விளைவது யாது, அதன்கண் நமக்குள்ள கடமை யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

துடுப்பாட்டத்திற்குரிய பழைய ஸ்கோர் புத்தகத்தை நோக்குக. ஆடுபவரின் பெயர், அவர் பெற்ற ஓட்டங்கள், ஆட்டமிழந்த விதம், பந்து வீசியோரின் கணக்கு என்னும் இவ்வளவே அதில் இருக்கும். ஆட்டம் முடிந்தபின் அப்புத்தகம் பொறுப்பாசிரியரின் அலுமாரிக்குட் சென்றுவிடும். பார்க்க விரும்புவோர் நேரில் வந்து கேட்டே பார்த்தல் வேண்டும்.

ஸ்கோர் எழுதுஞ் செயலி இதனின் வேறானது. ஒவ்வொரு பந்தின் விளைவையும் அது அந்தக் கணமே உலகெங்கும் அறிவிக்கின்றது. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் தம் கல்லூரியின் ஆட்டத்தை வீட்டில் இருந்தவாறே தொடர முடிகின்றது. சராசரியைச் செயலியே கணித்துக் கொடுக்கின்றது. இந்நன்மைகளை யாம் குறைத்து மதிப்பிடோம். எனினும், அதனிடத்துச் சேரும் செய்திகள் மூவகையின என்பதை உணர்தல் வேண்டும்.

முதலாவது, நாமே எழுதிக் கொடுப்பவை: பெயர், தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், ஒளிப்படம், பிறந்த தேதி முதலாயின. இரண்டாவது, கைத்தொலைபேசியிலிருந்து செயலி எடுத்துக்கொள்ளக்கூடியவை: இருக்குமிடம், தொடர்புப் பட்டியல், விளம்பரகாரர் ஒரு கருவியை அடையாளங் காண உதவும் இலக்கம் ஆகியன. மூன்றாவது, நாளடைவில் தாமே திரள்பவை: எந்த மைதானத்தில், எந்த நாளில், யாருடன் ஆடினார் என்னும் வரலாறு. முதல் வகையை நாம் அறிந்து கொடுக்கின்றோம். ஏனைய இரண்டையும் பெரும்பாலும் அறியாமலே கொடுக்கின்றோம்.

இச்செயலிகளுக்கே உரிய சிக்கலொன்றும் உண்டு. ஏனைய செயலிகளிற் பெரும்பாலும் ஒருவர் தம்மைப் பற்றிய செய்தியையே கொடுக்கின்றார். ஈண்டோ, ஸ்கோர் எழுதும் ஒருவர் இரு அணியினருமாகிய 22 பேரின் செய்திகளைப் பதிவு செய்துவிட இயலும். அவருள் எத்தனை பேர் இசைவு தந்தனர்? தம் பொருளை வாரி வழங்குவோரை வள்ளல் என்போம். பிறர் பொருளை வாரி வழங்குவோரை யாதென்று சொல்வது? ஆடுபவர் 15 வயதுக்குட்பட்ட அணியினராயின், இவ்வினா மேலும் கூர்மையுறுகின்றது.

“மறைக்க ஒன்றுமில்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?” எனச் சிலர் வினவுவர். ஒவ்வொரு செய்தியும் தனித்து நிற்குங்கால் அற்பமே. சேர்ந்து நிற்குங்கால் அவ்வாறன்று. ஒரு மாணவனின் முழுப்பெயர், முகம், கல்லூரி, பிறந்த நாள், அவன் ஆடும் மைதானம், ஆட்ட நேரம் ஆகியன ஒரே பக்கத்தில் இருப்பின், முன்பின் அறியாத ஒருவரும் குடும்ப நண்பர்போல் அவனிடம் பேச்சுத் தொடுக்கலாம். அதற்கு வேண்டிய யாவற்றையும் நாமே திரட்டிக் கொடுத்தவராவோம்.

இதற்குச் சான்றாக இரு நிகழ்ச்சிகளைக் காட்டுவாம். ஓட்டப் பயிற்சியையும் சைக்கிள் பயிற்சியையும் பதிவு செய்யும் ஸ்திராவா என்னும் நிறுவனம், தன் பயனாளர் சென்ற வழிகளைத் தொகுத்து 2017 நவம்பரில் உலகப் படமொன்றை வெளியிட்டது. அதில் எவர் பெயரும் இல்லை. எனினும், ஆப்கானிஸ்தான், சிரியா முதலிய நாடுகளில் இருந்த படைமுகாம்களின் வடிவம் அப்படத்திற் புலப்படுவதை 2018 ஜனவரியில் மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். பெயரை நீக்கினும் பழக்கம் காட்டிக்கொடுக்கும் என்பது இதனாற் போதரும். அதே 2018 இல், உணவையும் உடற்பயிற்சியையும் கணக்கிடும் மைஃபிட்னஸ்பால் செயலியின் ஏறக்குறைய 15 கோடி கணக்குகளுக்குரிய பயனாளர் பெயர், மின்னஞ்சல் முதலியன களவு போயின. ஓரிடத்திற் குவித்து வைத்தது ஒருங்கே களவு போகும்.

சட்டங்களும் இவற்றை நோக்கத் தொடங்கியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கைப் பாராளுமன்றம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. இரண்டின் உள்ளக்கருத்தும் எளிது: குறித்த நோக்கத்திற்கு வேண்டியதை மட்டும் பெறுக, வேறு நோக்கத்திற்குப் பயன்படுத்தற்க, வேண்டிய காலத்திற்கு மேல் வைத்திருக்கற்க, உரியவர் கேட்பின் காட்டுக, திருத்துக, உரிய விடத்து அழிக்குக.

சட்டம் வந்து காக்கும் என்று நாம் வாளாவிருத்தல் தகாது. பழைய மாணவர் ஆட்டத் தொடர்களை நடத்துவோரும், பொறுப்பாசிரியரும், ஸ்கோர் எழுதும் மாணவரும் செய்யத்தக்கன சில உள. மாணவர் பெயரை முதலெழுத்தோடு மட்டும் பதிதல் போதும். பிறந்த தேதியையும் ஒளிப்படத்தையும் செயலியிற் சேர்க்க வேண்டுவதில்லை. வயதுச் சான்று கல்லூரி அலுவலகத்தில் இருக்கட்டும். தொலைபேசி இலக்கமின்றிப் பெயர் சேர்க்க வழியிருப்பின் அதனையே கொள்க. இடமறிதற்கும் தொடர்புப் பட்டியலுக்கும் செயலி இசைவு கேட்பின் மறுத்துவிடுக; ஓட்டம் எண்ணுதற்கு நம் உறவினரின் இலக்கங்கள் எதற்கு? 2015 இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6 முதல், இத்தகைய இசைவுகளைத் தனித்தனியே கொடுக்கவும் மறுக்கவும் வசதி உண்டு. சிறுவர் அணிகளுக்குப் பெற்றோரின் இசைவை எழுத்தில் முற்கூட்டியே பெறுக. ஆட்டத் தொடர் முடிந்ததும் வேண்டாத கணக்குகளை நீக்குக. செயலியைக் கைத்தொலைபேசியிலிருந்து அகற்றுதல் வேறு, கணக்கை அழித்தல் வேறு என்பதையும் நினைவிற் கொள்க. செயலியை அகற்றிய பின்னரும் நாம் கொடுத்த செய்தி நிறுவனத்தின் கணினியில் இருத்தல் கூடும்.

மாணவர்க்கு ஒன்று சொல்வாம். நடுவர் கையை உயர்த்தினால் மறுபேச்சின்றி வெளியேறுவதை ஆடுகளம் நமக்குக் கற்பித்தது. பிறர்க்குரியதை அவர் இசைவின்றித் தொடாமையும் அத்தகைய ஒழுக்கமே. அடுத்த முறை ஸ்கோர் எழுத அமரும்போது, செயலி கேட்கும் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புமுன், இஃது ஆட்டத்தின் கணக்கா, ஆளின் கணக்கா என்று ஒருமுறை வினவுக. ஆளின் கணக்காயின், அவரைக் கேட்டு எழுதுக. அவர் வேண்டாமென்றால் அக்கட்டத்தை வெறுமையாகவே விடுக.