மூச்சும் அடுப்புப் புகையும்

உணவின்றிச் சில வாரங்கள் உயிர் வாழலாம். மூச்சின்றிச் சில நிமிஷங்களுக்கு மேல் வாழ இயலாது.

நமது வலப்புற நுரையீரல் மூன்று மடல்களும், இருதயத்துக்கு இடம் விட்ட இடப்புற நுரையீரல் இரண்டு மடல்களும் உடையவை. மூச்சுக்குழல் மரக்கிளைபோல் பலவாறு கிளைத்து, கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளில் முடிகிறது.

நுரையீரல் தானே விரிவதன்று. அதன் கீழுள்ள உதரவிதானம் என்னும் தசை தாழ்ந்து, விலா எலும்புகள் உயர, நெஞ்சறை விரிந்து, கொல்லன் துருத்தியிற்போலக் காற்று உட்புகுகிறது. தசை தளர, காற்று வெளியேறுகிறது. இவ்வாறு நிமிஷத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். காற்றறைகளின் மெல்லிய சுவர் வழியே பிராணவாயு இரத்தத்தில் சேர, கரியமிலவாயு நீங்குகிறது.

மூக்கிலுள்ள மயிரும் குழல்களிலுள்ள சளியும் தூசியைத் தடுக்கும். ஆயினும் விறகுப் புகையின் நுண்துகள்கள் இக்காவலைக் கடந்து காற்றறைகளை எட்டிவிடுகின்றன. அடுப்பருகே அமரும் தாய்மாரும் அவர்தம் குழந்தைகளும் இருமலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் ஆளாவதற்கு இதுவே முக்கிய காரணம்.

ஆகவே, விறகு எரிக்கும் வீடுகளில் புகைபோக்கியும் எதிரெதிர்ச் சன்னல்களும் அமையப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முன்னிற்றல் வேண்டும். உலர்ந்த விறகையே எரிப்போமாக. இரு வாரங்களுக்கு மேல் இருமல் நீடிப்பின், தாமதியாது ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுவோமாக.