பெட்டியை மாற்றாதீர்கள், நகர்த்துங்கள்

வடலூரில் புதிதாகக் கட்டிய வீடு ஒன்றின் ஹாலை நினைத்துக்கொள்ளுங்கள். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, காலடியில் டைல்ஸ். டிவிக்குப் பக்கத்து மூலையில் சப்-ஊஃபர், எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டால் பேஸ் கிட்டாரின் ஒரு சுரம் மட்டும் ‘கும்’மென்று ஜன்னலை அதிரவைக்கும், அடுத்த சுரம் இருக்கிற இடமே தெரியாது. உடனே இன்னும் பெரிய ஊஃபர் வாங்கக் கிளம்புகிறோம். அது வீண் செலவு. கோளாறு பெரும்பாலும் அறையில்தான் இருக்கிறது.

30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். 48 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 24 அடி. அதில் பாதி 12 அடி. ஹாலின் நீளமும் அதேதான். ஆகவே அந்த ஒலி இரு சுவர்களுக்கும் இடையே மோதித் திரும்பி நிலை அலையாகிவிடும். சுவரோரம் உட்கார்ந்தால் காதை அடைக்கும், நட்ட நடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்தினால் பிறப்பது 49 ஹெர்ட்ஸ். அதிர்கிற சுரம் அதுதான். அகலமும் உயரமும் ஒன்றாக 10 அடி இருப்பது இன்னும் பொல்லாதது: இரண்டும் ஒரே 57 ஹெர்ட்ஸில் குமுறும்.

அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகைச் சுவர்கள் அதிர்ந்து, தாழ்ந்த ஒலியைக் கொஞ்சம் விழுங்கிவிடும். நம் செங்கல்லும் கான்கிரீட்டும் அதை அப்படியே திருப்பி அனுப்பும். அங்கே எழுதிய ஆலோசனையை இங்கே அப்படியே பின்பற்றினால் பாதிப் பலன்தான்.

கைக்காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஊஃபரைத் தூக்கி, நீங்கள் உட்காரும் சோபாவிலேயே வையுங்கள். பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து வாருங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ, அங்கே ஊஃபரை வையுங்கள். ஒலி தருமிடமும் கேட்குமிடமும் இடம் மாறினாலும் விளைவு மாறாது என்பதே இதன் அடிப்படை. மூலை எல்லா அதிர்வையும் தூண்டிவிடும். நீளச் சுவரின் நடுப்பகுதி அந்த 48 ஹெர்ட்ஸைத் தூண்டாது. சோபாவையும் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னே இழுங்கள். இரண்டு ஊஃபர் வாங்க வசதியிருந்தால், ஒரே பெரிய பெட்டியைவிட எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு சின்னப் பெட்டிகள் மேல். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் பல அமைப்புகளை ஒப்பிட்டுச் சொன்ன முடிவு இது.

ஆடிஸி, டிராக் போன்ற அறைத்திருத்த மென்பொருள்களின் முறை இதற்குப் பிறகுதான். அவை மைக்கில் அறையின் ஒலியை அளக்கும்போது மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள். மைக்கைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில், காது உயரத்தில் வையுங்கள். மேடாக எழும் சுரத்தை மென்பொருள் அழகாகத் தணித்துவிடும். பள்ளத்தை நிரப்புவது மட்டும் அதனால் ஆகாது. 10 டெசிபல் கூட்ட ஆம்ப் பத்து மடங்கு சக்தி தர வேண்டும். அப்போதும் அலைகள் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொண்டேதான் இருக்கும்.

கடைசியில் முதலில் போட்ட அதே பாட்டைப் போடுங்கள். அந்த 49 ஹெர்ட்ஸ் சுரமும் அதன் முன்பின் சுரங்களும் ஒரே அளவில் கேட்டால் வேலை முடிந்தது.