உங்களுக்குத் தெரியுமா? பீடோர் ஈயச் சுரங்கம் தந்த எட்டுக் கைச் சிலை

பேராக் மாநிலத்தில், சிலிம் ரிவரிலிருந்து வடக்கே, சுங்காயைத் தாண்டினால் பீடோர். 1936இல் அங்கே ஆங்கிலோ ஓரியண்டல் நிறுவனத்தின் ஈயச் சுரங்கத்தில் மண்ணோடு மண்ணாகக் கிடைத்தது ஒரு வெண்கலச் சிலை.

● உயரம் 79 சென்டிமீட்டர். எட்டுக் கைகள். இடுப்பில் புலித்தோல்.

● இவர் அவலோகிதேசுவரர். பௌத்தர்கள் வணங்கும் கருணையின் வடிவம். சிலைக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயது. மலாக்கா நீரிணையில் ஸ்ரீவிஜயப் பேரரசு கோலோச்சிய காலத்தது.

● சீனக் கோயில்களில் நாம் காணும் குவான் யின் அம்மனும் இவரே. இந்தியாவில் ஆண் வடிவில் இருந்தவர், சீனாவில் பெண் தெய்வமானார்.

● தமிழுக்கும் இவர் வேண்டியவர்தான். அகத்தியர் தமிழ் கற்றது அவலோகிதரிடம் என்கிறது, புத்தமித்திரர் இயற்றிய 11ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான வீரசோழியம்.

● செம்பில் ஈயம் கலந்தால்தான் வெண்கலம். பேராக் மண்ணின் பெருஞ்செல்வமாக ஒரு காலத்தில் இருந்ததும் அந்த ஈயமே.

சிலை இப்போது மலேசிய அருங்காட்சியகத் துறையிடம் உள்ளது. கோலாலம்பூர் போனால் தேசிய அருங்காட்சியகத்தையும் எட்டிப் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.