'மற்ற எல்லா நபர்களும்': ஒரு சொல் இல்லாத அரசியல் சட்டம்

1787 செப்டம்பர் 17 அன்று பிலடெல்பியாவில் கையெழுத்தான அமெரிக்க அரசியல் சட்டத்தில் 'அடிமை' என்கிற சொல் ஓரிடத்தில்கூடக் கிடையாது. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அகப்படாது. ஆனால் அந்த மாநாட்டில் பங்கேற்ற 55 பேரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அடிமை வைத்திருந்தவர்கள்; தலைமை வகித்த ஜார்ஜ் வாஷிங்டன் உட்பட. 1790இல் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 39 லட்சம் பேரில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். இவ்வளவு பெரிய ஒன்றைப் பெயர் சொல்லாமலே சட்டம் எழுதி முடித்துவிட்டார்கள்.

முக்கியமாக மூன்று இடங்கள். பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்குப் போடும்போது, சுதந்திரமானவர்களை முழுசாக எண்ணிவிட்டு, 'மற்ற எல்லா நபர்களிலும்' ஐந்தில் மூன்று பங்கைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது சட்டம். அந்த 'மற்ற' யார் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்தது, மாநிலங்கள் அனுமதிக்க விரும்பும் 'நபர்களின்' வருகையையோ இறக்குமதியையோ 1808க்கு முன் காங்கிரஸ் தடுக்கக்கூடாது. தலைக்குப் பத்து டாலர் வரை வரி போட்டுக்கொள்ளலாம். மூன்றாவது, 'பணிக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்ட நபர்' வேறு மாநிலத்துக்குத் தப்பிப் போனால் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதாவது அடிமைமுறை இல்லாத மண்ணில் கால் வைத்தாலும் உடம்பு எஜமானுடையது.

மனிதர்மேல் சொத்துரிமை இருக்க முடியும் என்கிற எண்ணத்தைச் சட்டத்திற்குள் விடுவது தவறு என்று அந்த மாநாட்டில் பேசியவர் ஜேம்ஸ் மாடிசன். அவரும் அடிமை வைத்திருந்தவர்தான். இதைக் கூச்சம், மனசாட்சியின் உறுத்தல் என்று வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே கோடையில், ஜூலை 13 அன்று, நியூயார்க்கில் கூடியிருந்த பழைய கூட்டமைப்புக் காங்கிரஸ் ஒஹையோ நதிக்கு வடமேற்கிலுள்ள பகுதிகளுக்கு ஒரு சட்டம் நிறைவேற்றியது. அங்கே அடிமைமுறை கூடாது என்று அது பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. ஆனா அதே ஷரத்தில், ஓடி வருகிறவரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும்போது மட்டும் 'எவரிடமிருந்து உழைப்போ பணியோ கோரப்படுகிறதோ அவர்' என்று பேச்சு மாறிவிடுகிறது. தடை செய்யுமிடத்தில் பெயர் வருகிறது, காப்பாற்றுமிடத்தில் பெயர் மறைகிறது. இந்த மௌனம் தெரிந்தே செய்த வேலை.

'ஐந்தில் மூன்று' பற்றி நம்மிடையே ஒரு வசதியான வாசிப்பு இருக்கிறது: கறுப்பரை ஐந்தில் மூன்று பங்கு மனிதராக மதித்தார்கள் என்று. மேடைக்கு நன்றாயிருக்கும். நடந்தது வேற. சுதந்திரமான கறுப்பர்கள் முழுசாகவே எண்ணப்பட்டார்கள். அடிமைகளையும் முழுசாக எண்ண வேண்டும் என்று கேட்டவர்கள் தெற்கத்தி எஜமானர்கள். எண்ணவே கூடாது என்று வாதாடியவர்கள் வடக்கத்திக்காரர்கள். எண்ணப்படுகிற தலைக்கு வாக்குக் கிடையாது, அந்தத் தலையால் கூடுகிற இடம் எஜமானுக்கு. ஆக, அந்தப் பின்னம் பெரிதாக ஆக சாட்டையின் பலமும் கூடும். குடியரசுத் தலைவரைத் தேர்வு செய்யும் வாக்காளர் குழுவின் எண்ணிக்கையும் இதே கணக்கைத் தொட்டே வருவது. 1800 தேர்தலில் ஜெஃபர்சனுக்கு 73, ஆடம்சுக்கு 65. அடிமைத் தலைகளால் தெற்குக்குக் கிடைத்த உபரியைக் கழித்தால் ஆடம்ஸ் ஜெயித்திருப்பார் என்று கணக்குக் காட்டும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. இறக்குமதி 1808இல் நின்றது உண்மை. ஆனால் உள்நாட்டு விற்பனை நிற்கவில்லை. 1860இல் அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம்.

பெயரில்லாத பிரதியை யார் எப்படி வாசித்தார்கள்? அடிமை ஒழிப்பாளர் வில்லியம் லாயிட் காரிசன், இது எஜமானர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் என்று 1854 ஜூலை 4 அன்று அரசியல் சட்டப் பிரதியைப் பொதுக்கூட்டத்திலேயே கொளுத்தினார். அவரோடு இருந்து பிரிந்த பிரெடரிக் டக்ளஸ், தானே அடிமையாயிருந்து தப்பியவர், வேறு மாதிரி வாசித்தார்: சொல்லே இல்லாத இடத்தில் ஒப்புதல் எப்படி இருக்கும்? அவர்கள் மறைத்ததை அவர்களுக்கு எதிராகவே திருப்பு. எதிரியின் பிரதியைக் கைப்பற்றும் இந்த வாசிப்பு எனக்குப் பிடித்தமானது. ஆனால் 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டானி, அடிமைமேலான சொத்துரிமையை அரசியல் சட்டம் வெளிப்படையாகவே உறுதி செய்திருக்கிறது என்று தீர்ப்பெழுதினார். இல்லாத சொல் அவர் கண்ணுக்கு மட்டும் வெளிப்படையாய்த் தெரிந்திருக்கிறது!

அந்தச் சொல் சட்டத்துக்குள் நுழைந்தது 1865இல், பதின்மூன்றாம் திருத்தத்தில். ஒழிக்கத்தான் வந்தது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு நடுவில் ஒரு வாசல்: முறைப்படி குற்றவாளியாகத் தீர்ப்பானவருக்குத் தண்டனையாக அன்றி அடிமைமுறை இருக்கக்கூடாது. இதுவும் அந்த வடமேற்குச் சட்டத்திலிருந்து வந்த சொற்றொடர்தான். திருத்தம் உறுதியாவதற்குச் சில நாள் முன்னரே, மிசிசிப்பியில் வேலையில்லாமல் திரிகிற கறுப்பரைக் குற்றவாளியாக்கும் சட்டம் தயார். அபராதம் கட்ட முடியாதவரை, அதைக் கட்டுகிற ஆளிடம் வேலைக்கு விட்டுவிடலாம். பிறகு சிறைவாசிகளை மொத்தமாகத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ரயில்பாதைக்கும் குத்தகைக்கு விட்டார்கள். கடைசியாக அலபாமாவில் 1928இல்தான் நின்றது. ஜோதிராவ் ஃபுலே தன் 'குலாம்கிரி'யை, அடிமைமுறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கியது 1873இல். ஜார்ஜியாவில் குத்தகை தொடங்கி அப்போது ஐந்து வருஷமாகியிருந்தது.

சில மாநிலங்கள் தங்கள் அரசியல் சட்டங்களிலிருந்து இந்த விதிவிலக்கை நீக்கியிருக்கின்றன: 2018இல் கொலராடோ, 2022இல் அலபாமா உட்பட நான்கு. 2024இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் நீக்க மறுத்தார்கள். தேசிய அரசியல் சட்டத்தில் அது அப்படியே இருக்கிறது. அதோடு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சிறைவாசியைச் சிறை இருக்கிற ஊரின் ஆளாக எண்ணுகிறது. மெய்ன், வெர்மாண்ட் தவிர்த்த மற்ற மாநிலங்களில், பெருங்குற்றத்துக்காக உள்ளே இருப்பவருக்கு வாக்குக் கிடையாது. தொகுதி பிரிக்கும்போது அவர்களைச் சொந்த ஊர்க் கணக்கில் வைக்கச் சில மாநிலங்கள் சட்டம் போட்டிருக்கின்றன. மற்ற இடங்களில் அந்தத் தலைகளின் பலன் சிறை இருக்கிற ஊருக்கே போய்ச் சேர்கிறது.